குப்பங்களுக்கு எல்லைக்கல் எங்கே? காசிமேடு முதல் காட்டுப்பள்ளி வரை

காசிமேட்டில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரம் வரை கடலோரமாக எத்தனை ஊர்கள் இருக்கின்றன? மீன்வளத் துறைக் கணக்கில் ஊர்கள் பெயர் பெயராக வரும்: காசிமேடு, திருச்சினாங்குப்பம், ஒண்டிக்குப்பம், நல்லதண்ணீர் ஓடைக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம், எண்ணூர் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று நீளும். வருவாய்த் துறைக்கு அதே கரை தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்ற சில பெயர்களோடு முடிந்துவிடும். மாநகராட்சிக்கு ஊர் என்று ஒன்றே கிடையாது, வார்டு எண்தான்.

இதை வெறும் கணக்குப் பிசகு என்று தள்ளிவிட முடியாது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக வடசென்னைக் கடலோரம் இழந்த மணல், ஆறு, வீடு, வலைபோடும் இடம் எல்லாம் இந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கின்றன. குப்பம் முழுமையான ஊர். அதற்கு எல்லை உண்டு, தலைவர் உண்டு, வரி உண்டு, வழக்குத் தீர்க்கும் இடம் உண்டு, எல்லாருக்கும் பொதுவான நீரும் உண்டு. அரசின் நிலப் பதிவேட்டில் மட்டும் அது புறம்போக்கில் நிற்கும் வீட்டு வரிசை. ஊராகப் பதிவாகாததால் ஊருக்கு உரியதைக் கேட்கும் தகுதியும் அதற்கு இல்லை. வடசென்னையின் மாசு பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அந்த மாசு ஏன் இத்தனை எளிதாக இங்கே வந்து இறங்கியது என்பதற்கான விடையில் பாதி இந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பது என் துணிபு.

தமிழகத்தின் 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் 608 மீனவ கிராமங்கள் உண்டு என்பது மீன்வளத் துறையின் கணக்கு. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் 2010 கணக்கெடுப்பு 573 என்றது. எது கிராமம் என்பதிலேயே இரண்டு அரசு அமைப்புகளுக்கு ஒரே எண் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ நகரத்தில் வார்டு வாரியாகவும் நாட்டுப்புறத்தில் வருவாய்க் கிராம வாரியாகவும் எண்ணுகிறது. ஆகவே காட்டுக்குப்பத்தில் எத்தனை பேர், எத்தனை பெண்கள், எத்தனை பேர் பள்ளி முடித்தவர்கள் என்பதற்கு அந்த ஏட்டில் தனி வரி இல்லை. அமெரிக்காவில் நகராட்சித் தகுதி பெறாத சிற்றூர்களில் மிகப் பலவற்றைக் கணக்கெடுப்புத் துறை தனிப் பெயரும் எல்லையும் கொடுத்து எண்ணுகிறது. ஆட்சி அதிகாரம் இல்லாவிட்டாலும் எண்ணிக்கையில் அந்த ஊர் இருக்கும். இங்கே ஊருக்குள் ஆட்சி நடக்கிறது, எண்ணிக்கைதான் இல்லை.

ஊர் ஆட்சி

ஊராட்சி மன்றம் வேறு, ஊர் பஞ்சாயத்து வேறு. முன்னது சட்டம் கொடுத்தது. பின்னது சட்டத்துக்கு முந்தியது. சோழமண்டலக் கரையில் பட்டினவர் என்ற மீனவச் சாதியினரின் குப்பங்களில் மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் பணத்தில்தான் எல்லையம்மனுக்கும் கெங்கையம்மனுக்கும் திருவிழா, வழக்குச் செலவு, கடலில் போனவர் குடும்பத்துக்கு உதவி. ஒரு படகின் விசிறியில் இன்னொருவர் வலை அறுந்தால் நட்டம் எவ்வளவு, எந்த வலை தங்கள் கரைக்கு ஆகாது, கடலில் ஆள் தவறிய நாளில் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பதையெல்லாம் ஊர்தான் முடிவு செய்யும். கோயில் வாசலில் கூடிப் பேசி முடித்தால் முடிந்தது.

நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் இந்தக் கரையில் பல காலம் தங்கி ஆராய்ந்து 2001-ல் ஒரு நூல் வெளியிட்டார். கரையை ஒட்டிய கடலை ஊர் பஞ்சாயத்துகள் தங்கள் ஆளுகைக்கு உட்பட்டதாகவே நடத்துகின்றன. அரசு அதிகாரிகள் சட்டப் புத்தகத்தைவிட அமைதி காப்பதையே பெரிதாகக் கருதி, பெரும்பாலும் ஊர்க்கட்டுப்பாட்டுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பது அவர் கண்டது. காசிமேட்டு விசைப்படகுகளுக்கும் குப்பத்துக் கட்டுமரங்களுக்கும் 1970-களில் நடந்த மோதல்கள் அரசைச் சட்டம் இயற்ற வைத்தன. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையிலிருந்து 3 கடல்மைல் வரை விசைப்படகு வரக்கூடாது என்றது. குப்பங்கள் பல காலமாகச் சொல்லிவந்ததை அரசு எழுதிக்கொண்டது என்றே இதைப் படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கடல் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அந்த ஊரின் பெயர் சட்டத்தில் இல்லை.

ஒரு சுவர், இரண்டு கரைகள்

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதை இழுத்துப் போகும் நீரோட்டத்துக்கு மீனவர்கள் தெண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881-ல் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரில் முட்டித் தெற்கிலேயே நின்றது, மெரினா அகன்றது. மணல் வராத வடக்குக் கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று அரிப்பு மேலே மேலே நகர்ந்தது. ஒரே சுவர் நகரத்துக்கு உலாவக் கடற்கரையும் குப்பங்களுக்குக் கடல் அரிப்பும் கொடுத்தது. இந்தியாவின் தென்பகுதியில் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். அதே ராயபுரத்தின் கடலோரத் தெருக்கள் எத்தனை கடலுக்குள் போயின என்பதற்கு யாரும் நினைவுக்கல் வைக்கவில்லை.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் பெரும்பாலும் சாலையின் விளிம்பு. காக்கப்பட்டது எண்ணூர் விரைவுச் சாலை. கல் வந்ததும் மணல் போயிற்று. மணல் இல்லாமல் கரைவலை இழுக்க முடியாது, கட்டுமரத்தைக் கரையேற்ற முடியாது, கருவாடு காயவைக்க முடியாது. தொழில் நடந்த இடம் முழுவதும் நிலம் என்றுகூட எழுதப்படாமல் கல்லுக்கு அடியில் போனது. பின்னால் கட்டிய தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறது. அங்கே பைபர் படகுகள் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். இன்றைக்குத் திருவொற்றியூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நின்றால் ஒரு பக்கம் கல், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. இரண்டுக்கும் நடுவில்தான் வீடு, கோயில், வலைப்பின்னும் திண்ணை எல்லாம்.

காசிமேட்டின் கதை சற்று வேறு. சென்னைத் துறைமுக நிர்வாகம் கட்ட, 1980-களில் செயல்பாட்டுக்கு வந்த மீன்பிடித் துறைமுகம் அதைச் சந்தையாக்கியது. நள்ளிரவு தாண்டியதுமே ஏலம் தொடங்கும். லாஞ்சுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு மேலே ஏலக்காரர் குரல் எழும். அன்னக்கூடையோடு நிற்கும் பெண்கள் விலை படிந்ததும் ஆட்டோ பிடித்து நகரமெங்கும் போவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் அந்த இடம் அடங்கிக் கிடக்கும். ஆந்திரத்திலிருந்தும் தென்மாவட்டக் கடலோரங்களிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள் இங்கே நிறைய. காசிபுரம், சிங்காரவேலன் நகர், ஜீவரத்தினம் நகர், புதுமனைக்குப்பம் என்று பெயர்கள் பெருகியிருக்கின்றன. ஆகவே காசிமேட்டை இன்று ஒரே சாதியின் ஒரே ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் கடலில் தகராறு என்றால் அங்கேயும் முதலில் கூடுவது ஊர்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையின் பதிவில்லாத நிலையை வெட்டவெளிச்சமாக்கியது. வீடிழந்த பலர் கார்கில் நகர்த் தற்காலிகக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். 2005 மார்ச் 30 தேதியிட்ட வருவாய்த் துறையின் 172-ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தவர் அப்பால் புது வீடு ஏற்கலாம் என்றது. ஏற்றால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டா உள்ளவருக்கே அது கடினமான பேரம். பட்டாவே இல்லாத குப்பத்தாருக்குப் பேரம் பேசவும் கையில் ஒன்றும் இல்லை. புது வீடு எர்ணாவூர்க் குடியிருப்பில் கிடைத்தவருக்குக் கடல் பக்கத்திலாவது இருந்தது. தெற்கே தொலைவில் மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் காசிமேட்டு ஏலத்துக்கு வர நடுராத்திரியில் வண்டி தேட வேண்டியிருந்தது.

ஆற்றின் மூன்று ஊர்கள்

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்கே வெட்டி வடக்கே பழவேற்காட்டோடு இணைக்கிறது. ஆறும் உப்பங்கழியும் சதுப்பும் உப்பளமுமாக எட்டாயிரம் ஏக்கர் அளவுள்ள நீர்வெளி. இதன் கரையில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகியவை இருக்கின்றன. கடலைவிட ஆற்றை நம்பி வாழ்ந்த ஊர்கள் இவை. இறால், நண்டு, மடவை, கிழங்கான், கெளுத்தி என்று ஆறு கொடுத்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கடலோரக் குப்பத்தாரும் ஆற்றுக்கு வருவார்கள்.

இந்த நீரை ஆண்டது பாடு முறை. எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது பாடு. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போகாமல் சுற்றிவரும். வடக்கே பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகியவற்றின் பாடு முறையை ஆய்வாளர்கள் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே உரிமை தலைக்கட்டோடு சேர்ந்தது, வாய்ப்பு சீட்டுக் குலுக்கலில் வரும். ஓர் ஏரியைத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இதற்கு எழுத்து ஆவணம் தேவைப்படவில்லை, வெளியார் வரும் வரை.

வெளியார் என்றால் மின்நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய்க் குழாய்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் வந்து 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் பிரிவு 1990-களின் நடுவில் வந்தது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் தொடர்ந்தன. வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். எண்ணூரில் காமராசர் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் ஆற்றின் மேல் போயிற்று. குழாய் உடைந்தபோதெல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கியது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடங்களில் இன்று இடுப்பளவு தண்ணீர்தான் என்று காட்டுக்குப்பத்தார் கை காட்டுகிறார்கள். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது. அந்த வழக்கு ஒருவர் பெயரில்தான் போக முடிந்தது. சட்டத்தின் முன் காட்டுக்குப்பம் என்ற ஊருக்கு ஆள் அந்தஸ்து கிடையாது.

இறால் பிடிப்பதை அருகில் நின்று பார்த்தால் இழப்பின் அளவு புரியும். இருளர் பழங்குடிப் பெண்கள் கழுத்தளவு நீரில் குனிந்து, பறி என்னும் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். சேற்றில் பொதிந்திருக்கும் இறால் விரலில் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை, கைதான் கருவி. இப்போது ஆற்றடியில் காக்கா ஆழி வந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிறு கறுப்பு மட்டி கப்பல்களோடு வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. நூல் விட்டு ஒன்றோடொன்று ஒட்டி, ஆற்றடியைக் கம்பளம் விரித்தாற்போல் மூடிவிடுகிறது. இறால் பொதியச் சேறு இல்லை; உள்ளூர் மஞ்ச மட்டி மூச்சடைத்துச் சாகிறது; தடவும் கையைக் கிழிக்கிறது, நடக்கும் காலையும் கிழிக்கிறது. ஒரு துறைமுகம் கொண்டுவரும் கேடு புகையாகவும் எண்ணெயாகவும் மட்டும் வருவதில்லை.

வரைபடத்தின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தை நீர்வெளியாகக் காட்டி, கட்டுமானம் கூடாத பகுதி என்று குறித்தது. பிற்பாடு அரசு கையில் எடுத்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக மீனவர்களும் சூழல் செயல்பாட்டாளர்களும் இதை 2017-ல் வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இந்த ஆற்றை நகரத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் ரசிகர்களுக்கு அத்திப்பட்டி என்றால் 2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்து காணாமல்போன ஊர் நினைவுக்கு வரும். அது கற்பனை. நிஜ அத்திப்பட்டு எண்ணூருக்கு வடமேற்கே, மின்நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் எண்ணூருக்கும் நடுவே வரைபடத்தில் நிஜமாகவே காணாமல் போனது ஆறு.

முகத்துவாரத்தின் வடகரைக்குப் போனால் மாவட்டமே மாறிவிடும். தென்கரைக் குப்பங்கள் 2011-ல் கத்திவாக்கம், திருவொற்றியூர் நகராட்சிகளோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. வடகரையில் காட்டுப்பள்ளி ஊராட்சி. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காடு வரை கடலோர ஊர்கள் தொடர்கின்றன. காட்டுப்பள்ளிக் குப்பமோ கப்பல் கட்டும் தளத்துக்காக இடம் மாற்றப்பட்டது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள், ஒரே ஆற்றில் பாடு பகிர்ந்த ஊர்கள், இரண்டு ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுக்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2,472 ஹெக்டேர் அளவுக்கு விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22-ல் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பர் 5-க்கு வைத்த கூட்டமும் நடக்காமல் தள்ளிப்போயின. இருகரை ஊர்களும் சேர்ந்து அந்தத் திட்டத்தை எதிர்த்தன. அரசு பிரித்த ஊர்களை ஆறு சேர்த்து வைத்திருக்கிறது.

இழப்பீடு யாருக்கு?

2017 ஜனவரி 28-ல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் பாறைகளில் எண்ணெய்க் கசடு திரண்டது, வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியில் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் பரவியது. வலை, படகு, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்புப் படலம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து சாலைக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரண்டு கேடும் ஒரே மாதத்தில், ஒரே கரையில்.

2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500; மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500; 787 படகுகளுக்குத் தலா 10,000. இந்தப் பகுப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு உண்டு, படகுக்கு உண்டு. ஆற்றுக்கு இல்லை. பாடு இடங்கள் கெட்டதற்கு, மட்டி செத்ததற்கு, அடுத்தடுத்த பருவங்களில் இறால் குஞ்சு வராமல் போவதற்கு விலையில்லை, ஏனெனில் கேட்கும் உரிமையாளர் யாருமில்லை. ஆறு சட்டப்படி அரசுக்குச் சொந்தம். பாடு முறைக்குப் பதிவில்லை. குப்பம் சட்டத்தின் கண்ணில் ஊரே இல்லை. படகு இல்லாமல் கையால் தடவிப் பிடிப்பவர் எந்தப் பட்டியலில் வருவார் என்பதும் சிக்கல்தான். அவர் இழந்ததற்குப் பதிவெண் கிடையாது. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, ஆனால் அவை நலத்திட்டம் வழங்கும் வாய்க்கால்கள்; நீருக்கு உரிமை கோரும் அமைப்புகள் அல்ல.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது, பயன்படுத்தப்படவில்லை. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் அவர்களுடைய பொதுச் சொத்துகளையும், படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் உலர்த்தும் களம் முதலியவற்றையும் நில அளவை வரைபட அளவிலேயே குறிக்க வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. 2019 அறிவிக்கைப்படி தயாரித்த வரைவு வரைபடங்கள் 2023-ல் கருத்துக் கேட்புக்கு வந்தபோது, ஊர்களும் தொழில் செய்யும் இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது.

காட்டுக்கு ஒரு நீதி கிடைத்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(h) பிரிவு, காட்டுக்குள் இருக்கும் அளக்கப்படாத ஊர்களையும் பழைய குடியிருப்புகளையும் வருவாய்க் கிராமங்களாக மாற்றும் உரிமையைத் தருகிறது. கடலுக்கு அப்படியொரு சட்டம் இந்தியாவில் இல்லை. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் நான்கு மீனவர் சங்கங்களின் சீட்டுக் குலுக்கல் முறையை 1958-லேயே அரசு விதிகளாக வெளியிட்டு ஏற்றுக்கொண்டது. நம் பாடு முறைக்கு உடன்பிறந்தது என்று சொல்லத்தக்க ஏற்பாடு அது. ஜப்பான் 1949-ல் இயற்றிய மீன்பிடிச் சட்டம் கரையோர நீரின் பொது உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுகளிடமே கொடுத்தது. அங்கே கடலைத் தூர்க்க வருபவர் முதலில் அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும். எண்ணூரில் தூர்க்க வருபவர் சந்திக்க வேண்டிய ஊர் எதுவும் சட்டத்தில் இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஊர் பஞ்சாயத்தைச் சட்டம் ஏற்றால் கட்டப்பஞ்சாயத்தை ஏற்றதாகாதா? ஊர் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஏலத்தில் மீன் எடுப்பதும், கருவாடு போடுவதும், வட்டிக்கு வாங்கி வீட்டை நடத்துவதும் பெண்கள். கோயில் வாசல் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. அபராதமும் ஊர்விலக்கும் சிலர் வாழ்க்கையை நொறுக்கியிருக்கின்றன. பாடு தலைக்கட்டுக்கு உரியது என்றால் இருளருக்கும் தலித் மீனவர்களுக்கும் எஞ்சியது விளிம்புதான். இதையெல்லாம் மூடி மறைத்துக் குப்பத்தைப் பொன்னுலகமாகக் காட்டுவது அந்தப் பெண்களுக்கும் இருளருக்கும் செய்யும் துரோகம்.

ஆனால் நான் கேட்பது தண்டிக்கும் அதிகாரத்துக்கு முத்திரை அல்ல. ஊருக்கும் நீருக்கும் பதிவு. வன உரிமைச் சட்டத்தில் உரிமை கோருவது சாதித் தலைவர்கள் அல்ல. வயது வந்த எல்லா ஆண்களும் பெண்களும் அடங்கிய கிராம சபை. கடலோரத்திலும் அதேபோல, குப்பத்தில் வாழும் அனைவரும் அடங்கிய சபையின் பெயரில் பொதுநிலமும் பாடு நீரும் எழுதப்படலாம். ஆற்றில் கையால் பிடிப்பவரும் அதில் உரிமைக்காரர் என்று எழுத வேண்டும். காசிமேடு போல் பல ஊரார் கலந்து வாழும் இடத்துக்கும் இதுதான் பொருந்தும். ஊர் பஞ்சாயத்து தன் திருவிழாவையும் தன் கௌரவத்தையும் வைத்துக்கொள்ளட்டும். ஆறு மட்டும் எல்லாருடைய பெயரிலும் இருக்கட்டும்.

இதைச் செய்யப் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நகர நில அளவைப் பதிவேட்டில் ஒவ்வொரு குப்பத்தையும் அதன் பெயராலேயே எல்லை கட்டி எழுதலாம். வலைத்திண்ணை, உலர்களம், படகு ஏற்றும் மணல் ஆகியவற்றைப் பொதுப் பயன்பாடாகக் குறிக்கலாம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வட்டாரங்களைக் குப்ப எல்லையை ஒட்டி அமைத்தால் முதல்முறையாக அந்த ஊர்களுக்கு எண் கிடைக்கும். கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் 1996-ன் கழிமுகத்தை மீண்டும் வரைந்து, பாடு இடங்களை அதன் மேல் குறிக்கலாம். எந்த இடத்தில் எந்தப் பாடு, பழைய முகத்துவாரம் எதுவரை அகன்றிருந்தது என்று கரையில் நடந்து காட்டக்கூடிய பெரியவர்கள் இன்னும் எல்லாக் குப்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அளக்க வேண்டும். சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்கள் இருவரும் ஒரே நில அளவைக் குழுவை முகத்துவாரத்தின் இரு கரைக்கும் அனுப்பி, அந்த வேலையைக் காட்டுக்குப்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.